கிடைக்காத தட்டுக்கு என்ன மதிப்பு?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு ஏலத்துக்கு வந்தது. டாரல் பேங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்'. 1966இல் அமெரிக்காவில் நன்றாக விற்ற பாட்டு அது. ரெவிலாட் கம்பெனியின் அந்த அமெரிக்கத் தட்டுக்கு இன்றும் பஞ்சமில்லை. பிரிட்டனில் ஸ்டேட்ஸைடு லேபிளிலும் வெளிவந்தது. ஏலத்துக்கு வந்ததோ லண்டன் லேபிள் தட்டு. உரிமை ஸ்டேட்ஸைடுக்குப் போய்விட்டதால் லண்டன் கம்பெனி தன் தட்டை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டது. விற்பனைப் பிரதிகளில் தப்பியதாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். 14 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போயிற்று. காதில் விழுவது அதே குரல், அதே பாட்டு. வித்தியாசமெல்லாம் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில்தான்.

காசு கொழுத்தவர்களின் பைத்தியம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதோடு விட்டால் பாதிக் கதை போய்விடும். இந்த விலைக்குப் பின்னால் இருப்பது, அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசைக்கு வட இங்கிலாந்தில் ஆடும் 'நார்தர்ன் சோல்' என்ற அரை நூற்றாண்டுப் பழக்கம். யாரிடமும் இல்லாத தட்டைத் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடுகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவது அதன் உயிர்நாடி. மறந்துபோன நூற்றுக்கணக்கான பாடல்களை மீட்டது அந்தப் பழக்கம். நல்ல பாடல்கள் பலவற்றைப் பெட்டிக்குள் பூட்டியதும் அதுவே. தட்டின் அருமை, அதாவது எளிதில் கிடைக்காத தன்மை, தேடத் தூண்டியவரை இசைக்கு ஆதாயம் இருந்தது. அருமையை வைத்தே பாட்டை எடைபோடத் தொடங்கியதும் கோளாறு ஆரம்பித்தது.

மான்செஸ்டரில் 1963இல் திறந்து 1971இல் மூடிய 'ட்விஸ்டட் வீல்', ஸ்டோக் பக்கம் டன்ஸ்டாலில் 'கோல்டன் டார்ச்', பிளாக்பூலில் 'மெக்கா', 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர்வரை நடந்த 'விகன் கேசினோ' ஆகிய நடனக் கிளப்புகள் இதன் கோயில்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வட இங்கிலாந்தின் ஆலை, சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது அறுபதுகளின் நடுப்பகுதியில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி கொடுத்த வேகத் தாளம். மோட்டவுனின் பெரிய வெற்றிகள் எல்லோர் வீட்டிலும் இருந்தன. ஆகவே அதே பாணியில் பாடித் தோற்றவர்கள் பக்கம் தேடல் திரும்பியது. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சிறுசிறு கம்பெனிகள் ஏராளம். பணபலம் கிடையாது, வானொலி தயவும் கிடையாது. சில நூறு தட்டு அச்சடிப்பார்கள், விற்காமல் கிடங்குக்குப் போய்விடும். அமெரிக்காவில் விலைபோகாத சரக்கு விகனில் தங்கமாயிற்று.

கேசினோவின் இரவு பின்னிரவு இரண்டு மணி வாக்கில் தொடங்கிக் காலை எட்டுக்கு முடியும். மது விற்க அனுமதி இல்லை. மரத்தளத்தில் முகப்பவுடரைத் தூவிவிட்டுச் சுழன்றும், மல்லாந்து விழுந்தும், துள்ளி எழுந்தும் ஆடுவார்கள். வியர்வைக்கு மாற்றுச் சட்டை பையில் இருக்கும். விடியும்வரை தாக்குப்பிடிக்கப் பலர் ஆம்ஃபிடமின் மாத்திரை போட்டுக்கொண்டதும் இந்தக் கதையின் பகுதிதான். ஓரத்தில் 45 சுற்றுத் தட்டுகளைப் பெட்டிபெட்டியாக வைத்து வியாபாரம் நடக்கும்.

இதன் பெரிய பலம், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஆடுகளத்திடம் இருந்தது. கம்பெனியின் விளம்பரமோ வானொலியின் பட்டியலோ அங்கே செல்லாது. பாட்டு பிடித்தால் தளம் நிறையும், பிடிக்காவிட்டால் காலியாகும். பெயர் தெரியாத பாடகருக்கு இதைவிட நியாயமான மேடை வாய்க்காது. விகனின் டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் 1973இல் பிலடெல்பியாவில் பாடகி குளோரியா ஜோன்ஸின் பழைய தட்டொன்றைக் கண்டெடுத்தார். அதன் பின்பக்கத்தில் இருந்த, ஊரில் யாரும் சீந்தாத பாட்டுதான் 'டெய்ன்டட் லவ்'. வடக்கின் கிளப்புகளில் வளர்ந்த அந்தப் பாட்டை 1981இல் 'சாஃப்ட் செல்' இரட்டையர் மறுபடி பாடினார்கள். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தத் தேடல் இல்லையென்றால் அந்தப் பாட்டு இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பலவீனமும் அதே தேடலுக்குள்தான் இருக்கிறது. கண்டெடுத்தவர் தன் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற வேண்டாமா? அதற்கு வந்த வழி 'கவர்-அப்'. லேபிளின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவார்கள். பாட்டுக்கு ஒரு பொய்ப்பெயர், பாடகருக்கு ஒரு பொய்ப்பெயர். மூலிகையின் பெயரைச் சொல்லாமல் பொடியை மட்டும் மடித்துக் கொடுக்கும் பரம்பரை வைத்தியரின் சாமர்த்தியம். நோயாளி மறுபடியும் அவரிடமே வந்தாக வேண்டும். இதற்கும் ஒரு நியாயம் உண்டு. பெயர் வெளியே போனால் போட்டியாளர் அடுத்த வாரமே இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிப்பார், இன்னொருவர் கள்ளத்தட்டு அடிப்பார். பிறகு செலவு செய்து கடல் கடந்து யார் தேடுவார்கள்? ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது பாடகர். ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' 1965இல் மோட்டவுனின் 'சோல்' லேபிளுக்காகப் பதிவானது. விளம்பரப் பிரதிகளாக ஏறத்தாழ 250 தட்டு அச்சாகி, அநேகமாக எல்லாம் அழிக்கப்பட்டன. தப்பிய பாட்டு விகனில் கூட்டத்தையே ஆட்டிவைத்தபோது, அதைப் பாடியவர் எடி ஃபாஸ்டர் என்று சொல்லப்பட்டது. சொந்த நாட்டில் கிடைக்காத கைதட்டல் கடல் தாண்டிக் கிடைத்தபோது அது அடுத்தவர் கணக்கில் ஏறியது. 1979இல்தான் டேம்லா மோட்டவுன் அதை அவர் பெயரில் பிரிட்டனில் முறையாக வெளியிட்டது.

அடுத்தது, இன்றும் பஞ்சாயத்து ஓயாத விதி: மேடையில் அசல் தட்டு மட்டுமே சுழல வேண்டும். மறுபதிப்போ கள்ளத்தட்டோ போட்டால் அந்த டி.ஜே.யின் மானம் போகும். அசல் கட்சிக்காரர்களின் வாதம் வலுவானது. கள்ளத்தட்டு அடித்தவன் பாடகருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. கைக்காசு போட்டு வாங்கியவரிடம் ஒரு பொறுப்பு இருக்கும், கண்டதையும் போடமாட்டார். எல்லாம் சரி. ஆனால் அசல் தட்டு கைமாறும்போது மட்டும் பாடகருக்கு என்ன போகிறது? பழைய தட்டின் விற்பனையில் அவருக்கு உரிமைத்தொகை கிடையாது. ஃபிராங்க் வில்சனின் தட்டு 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. அவர் 2012இல் காலமானார். 2020இல் அதே பாட்டின் அசல் தட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. இந்தப் பணம் முழுக்க ஒரு சேகரிப்பாளர் பையிலிருந்து இன்னொரு சேகரிப்பாளர் பைக்குப் போன பணம். ஆகவே அசல் விதியைக் கலைஞனுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி, சேகரிப்பாளரின் முதலீட்டுக்குப் போட்ட வேலி. அந்த வேலிக்கு வெளியே நிற்பவர் காசில்லாத இளைஞர். ஒரு காலத்தில் இந்தக் கூட்டமே அப்படிப்பட்ட இளைஞர்களின் கூட்டம்தான்.

அரிதான பழைய தட்டுமேல் இருந்த இந்தப் பற்று ரசனையிலும் சுவடு பதித்தது. எழுபதுகளின் நடுவில் பிளாக்பூல் மெக்காவில் டி.ஜே.க்கள் இயன் லெவினும் காலின் கர்ட்டிஸும் கார்ஸ்டேர்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு போன்ற புதிய பாடல்களைப் போடத் துணிந்தார்கள். சோல் இசை வளர்ந்துகொண்டிருக்கும்போது நாம் ஏன் 1966இலேயே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 'லெவின் வெளியேறு' என்று பதாகை பிடிக்கும் அளவுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. விகன் பழைய வேகத்தை விடவில்லை. ஆனால் அந்த வேகத்தில் சரக்குத் தீர்ந்தபோது, 'ஜோ 90' என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரின் இசைகூட அங்கே ஆட்டத்துக்குப் பயன்பட்டது. வேகம் இருந்தது, தாளம் இருந்தது. சோல் எங்கே என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பர்கள், ஆடியவர்களில் பெரும்பாலோர் ஆங்கில வெள்ளையர்கள். கறுப்பர் எழுச்சியின் உயர்த்திய முட்டி, சட்டையில் குத்தும் சின்னமாயிற்று. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அன்பு உண்மையானது. பாடகர் மேஜர் லான்ஸ் போன்றோரை வரவழைத்துக் கொண்டாடினார்கள். 1972இல் டார்ச்சில் அவர் பாடியது தனித்தட்டாகவே வந்தது. தங்கள் வெற்றி தங்களுக்கே தெரியாமல் வாழ்ந்த பாடகர்கள் பலரைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டவர்களும் இதே சேகரிப்பாளர்கள்தான். ஆனாலும் லேபிளின் நிறத்தையும் வரிசை எண்ணையும் மனப்பாடமாகச் சொல்கிற பலருக்கு, அந்தக் குரலுக்கு உரியவர் பிறகு எப்படிப் பிழைத்தார் என்று தெரியாது.

சரியான வழி எது என்பதற்கு இந்த வட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. 1982இல் தொடங்கிய கென்ட் ரெக்கார்ட்ஸ், உரிமை வாங்கி, மூல நாடாவிலிருந்து எடுத்து, பாடகரின் கதையையும் எழுதி இந்தப் பாடல்களை வெளியிட்டுவருகிறது. அதன் பின்னால் இருக்கும் ஏடி குரோஸ்டெல், லண்டன் '100 கிளப்'பில் அசல் தட்டு ஆட்ட இரவுகளையும் நடத்துபவர். மறுபதிப்பும் அசலும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு அவரே சாட்சி. அங்கும்கூட, ஆண்டுவிழாவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கும் இலவசத் தட்டு பின்னாளில் விலைகூடிய சேகரிப்புப் பொருளாகிவிடுகிறது. பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

ஒரு பாட்டைக் கண்டெடுத்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பாடியவர் பெயரைச் சொன்னாயா? அவருக்கோ அவர் வீட்டாருக்கோ ஏதாவது போய்ச் சேர வழி செய்தாயா? காசில்லாத பிள்ளையாலும் அதைக் கேட்க முடிகிறதா? கவர்-அப் இந்தத் தேர்வில் தோற்கிறது. அசல் விதி முதல் கேள்வியில் மட்டும் தேறுகிறது. உரிமம் பெற்ற மறுபதிப்பு மூன்றிலும் தேறுகிறது. ஆனால் அசலைத் தேடி அலைந்தவர்கள் இல்லையென்றால் மறுபதிப்புக்குப் பாட்டே இருந்திருக்காது. சேகரிப்பாளரின் வேலை அதனால் உயர்ந்தது. ஆனால் பாட்டை ஊருக்குக் கொடுத்த பிறகுதான் அந்த வேலை முடிகிறது. கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அவர் நடத்துவது வெறும் சரக்குக் கிடங்கு. அந்தப் பாடல்கள் டெட்ராய்ட்டிலேயே ஒரு முறை கிடங்கில் கிடந்து அனுபவித்தவைதான்.