விக்கிப்பீடியாவின் நடுநிலை: சிறப்புரிமை, முற்சாய்வு, அரசியல்

"யாரும் தொகுக்கலாம்" என்ற அறிவிப்போடு 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது. இன்று மாணவர் எந்தப் பொருளைத் தேடினாலும் முதலில் கண்ணில் படும் தளங்களுள் அதுவும் ஒன்று. ஊதியம் பெறாத தன்னார்வலர்களே பெரும்பாலும் அதை எழுதுகிறார்கள். நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை ஆகிய கொள்கைகள் அவர்களுக்கு வழிகாட்டுகின்றன. ஆயினும் அது சார்புடையது என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை.

இக்குற்றச்சாட்டுக்குள் சிறப்புரிமை, முற்சாய்வு, அரசியல் என்ற மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் ஒன்றெனக் கொண்டு பேசுவதால்தான் இணையக் குழுக்களில் இவ்விவாதம் பெரும்பாலும் வசையில் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும்.

சிறப்புரிமை: விதி சரி, விளைவு தவறு

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட், 2018 அக்டோபர் 2 அன்று நோபல் பரிசுக்கு அறிவிக்கப்பட்டார். 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கோப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின் இயற்பியலுக்கான நோபல் பெற்ற மூன்றாவது பெண் அவர். அன்று காலை வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரை இல்லை. ஒருவர் அனுப்பிய வரைவு, அதே ஆண்டு மே மாதம் குறிப்பிடத்தக்கமையை நிறுவப் போதிய மூலங்கள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பரிசுக்குரிய ஆய்வை 1985இல் அவரோடு சேர்ந்து வெளியிட்ட ஜெரார் மூரூவுக்கோ பல ஆண்டுகளுக்கு முன்பே பக்கம் இருந்தது.

வரைவைத் தள்ளியவர் பெண்களை வெறுப்பவர் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அவர் விதியைப் பின்பற்றினார். ஒருவரைப் பற்றிப் பிறர் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. யாரைப் பற்றி எழுதுவது என்பதை இதழ்களும் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன. அந்த வரிசையில் முன்னால் நின்றவருக்கு விதி எளிது. பின்னால் நிறுத்தப்பட்டவருக்கு அதே விதி ஒரு சுவர். கோயில் திருவிழாக்களில் அறுபது ஆண்டுகள் பறை வாசித்த ஒருவரைப் பற்றி எந்த நாளிதழும் எழுதாமல் இருந்திருக்கலாம். ஊரே அறிந்த அவர் கலைக்களஞ்சியத்தின் கணக்கில் இல்லாதவராகிவிடுவார்.

சிறப்புரிமை இப்படித்தான் இயங்குகிறது. அதை உடையவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நம் பொதுப்பேச்சில் "சலுகை" என்ற சொல்லை இடஒதுக்கீடு பெறுவோர் மீதே ஏற்றிச் சொல்கிறோம். தலைமுறைகளாகப் படிப்பும் நூலகமும் பெயர்தெரிந்த உறவினர்களும் அமைந்திருப்பதை யாரும் சலுகை என்று அழைப்பதில்லை. அதைத் தகுதி என்கிறோம்.

விக்கிப்பீடியா உலகின் குறைகளைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. மாணவரும் இதழாளரும் அக்கண்ணாடியைப் பார்த்தே யார் முக்கியமானவர் என்று முடிவு செய்கிறார்கள். அங்கே இல்லாதவர் அடுத்த நூலிலும் இடம்பெறாமல் போகிறார். கண்ணாடி காட்டும் குறை மறுபடியும் உலகுக்குள் வந்து சேர்கிறது.

முற்சாய்வு: இயல்பானவர் யார்?

2013 ஏப்ரலில் எழுத்தாளர் அமண்டா ஃபிலிபாக்கி, நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு செய்தியை வெளிப்படுத்தினார். ஆங்கில விக்கிப்பீடியாவின் "அமெரிக்கப் புதின எழுத்தாளர்கள்" பகுப்பிலிருந்து பெண்களின் பெயர்கள் அகரவரிசைப்படி நீக்கப்பட்டு, "அமெரிக்கப் பெண் புதின எழுத்தாளர்கள்" என்ற துணைப்பகுப்புக்கு மாற்றப்பட்டு வந்தன. பட்டியல் மிக நீண்டுவிட்டது என்பது காரணம். ஆண்களுக்கு அப்படியொரு துணைப்பகுப்பு அப்போது இல்லை.

பட்டியலைச் சுருக்க நினைத்தவருக்குத் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் என்றாலே ஆண், பெண் என்றால் அடைமொழி வேண்டும் என்ற எண்ணம் கையை நடத்தியிருக்கிறது. ஆனால் இங்கே விதியின் மீது பழி போட முடியாது. இப்படிப் பிரிக்கும்படி எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

பின்னர் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. கட்டுரை வெளியானதும் ஃபிலிபாக்கியைப் பற்றிய பக்கமே கடுமையாகத் தொகுக்கப்பட்டு, சில பகுதிகள் வெட்டப்பட்டன. குறையைச் சொன்னவரின் தகுதியை ஆராயத் தொடங்கும் வழக்கம் எல்லா இணையக் குழுக்களிலும் உண்டு. முற்சாய்வு தற்செயலாக இருக்கலாம். சுட்டிக்காட்டிய பின் வரும் சினம் தற்செயலானதன்று.

அரசியல்: பூட்டிய கதவு

மூன்றாவது நிகழ்வு குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது. அங்கே தேசியவாதச் சார்புடைய ஒரு சிறு குழு நிர்வாகி அதிகாரங்களைக் கைப்பற்றி, மாற்றுக் கருத்துடையோரைத் தடை செய்து, வரலாற்றைத் திரித்தது. இரண்டாம் உலகப் போரின்போது உஸ்தாசா ஆட்சி நடத்திய யாசெனோவாத்சு வதைமுகாமின் கொடுமை குறைத்துக் காட்டப்பட்டது. அம்முகாமில் கொல்லப்பட்டவர்களில் 80,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்குள்ள நினைவிடம் பட்டியலிட்டுள்ளது. 2013இல் குரோவாசியக் கல்வி அமைச்சரே இத்தளத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை, குழுவின் இச்செயல் திட்டமிட்டது என்பதை உறுதிசெய்தது.

இதைச் சிறப்புரிமை என்றோ அறியாமல் செய்த பிழை என்றோ மென்மையாகக் கூற இயலாது. இணக்க முடிவு என்ற நல்ல நெறி, இணங்காதவர் எல்லோரும் வெளியேற்றப்பட்ட பின் எவ்வளவு எளிதாகக் கிட்டும் என்பதை இது காட்டுகிறது. நிர்வாகிகள் குறைவாக உள்ள எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் இது ஓர் எச்சரிக்கை.

மருந்தும் மூன்று

மூன்றாவது கோளாறுக்கு நிர்வாகம்தான் மருந்து: அதிகாரத்துக்குக் கால வரம்பு, வெளியாரின் தணிக்கை, முறையீட்டு வழி. இரண்டாவதற்கு, சுட்டிக்காட்டியவர் யார் என்று தோண்டாமல் சுட்டிக்காட்டியது எது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முதலாவதுதான் கடினம். மூல விதியைத் தளர்த்திவிடலாம் என்று சிலர் சொல்வர். அது ஆபத்து. யாசெனோவாத்சு பற்றிய திரிபை எதிர்த்தவர்களுக்கு இருந்த கருவி அதே விதிதான். மூலங்களையும் எழுதுவோரையும் பெருக்குவதே சரியான வழி. 2011இல் விக்கிமீடியா நடத்திய கணக்கெடுப்பில் தொகுப்பாளர்களுள் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஓய்வு நேரமும் ஒரு சிறப்புரிமை என்பதை அந்த எண் சொல்கிறது. 2015இல் தொடங்கிய "விமன் இன் ரெட்" திட்டம், பக்கம் இல்லாத பெண்களின் சிவப்பு இணைப்புகளைக் கட்டுரைகளாக்கி வருகிறது. ஆங்கில விக்கிப்பீடியா வாழ்க்கை வரலாறுகளில் அப்போது ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு இப்போது 20 விழுக்காட்டை ஒட்டி உள்ளது. அச்சில் இல்லாத அறிவுக்காக, வாய்மொழி மேற்கோள்களை 2011இல் அச்சல் பிரபாலா மலையாளம், இந்தி முதலிய மொழிகளில் சோதித்துப் பார்த்தார். அம்முயற்சி பொது வழக்கமாகவில்லை. எனினும் அது எழுப்பிய கேள்வி நிற்கிறது.

மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டுரையைப் படித்ததும் அதன் பேச்சுப் பக்கத்தையும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். யார் எழுதினார்கள், எது நீக்கப்பட்டது, யார் வாதிட்டு ஓய்ந்து போனார்கள் என்பவை அங்கே பதிவாகியிருக்கும். அச்சுக் கலைக்களஞ்சியம் எதுவும் தன் சண்டைகளை வாசகருக்குத் திறந்து காட்டியதில்லை. விக்கிப்பீடியா காட்டுகிறது. அதன் நடுநிலையை அளக்க வேண்டிய இடமும் அதுவே.