வில்லியின் மடியும் நல்லோரின் கையும்

மாயக்கதைத் தொடர்களில் வில்லியின் மடியிலிருந்து குழந்தையைப் பிரித்தெடுக்கும் காட்சி பெரும்பாலும் நீதி வென்றதன் அடையாளமாகவே முடிந்துவிடுகிறது. தாய் கொடியவள், ஆகவே பிள்ளை வேறிடத்தில் வளரட்டும் என்பதற்கு மேல் அங்கே கேள்வி எழுவதில்லை. எட்வர்ட் கிட்சிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் இருவரும் உருவாக்கி, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பான ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ இக்காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் தாயின் தீமையைவிடக் குழந்தையை எடுப்பவரின் நெஞ்சையே துருவியது.

அவற்றுள் மிகக் கூர்மையானது, நான்காம் பருவத்தில் வரும் மெலிஃபிசென்ட்டின் கதை. தம் மகளாகப் பிறக்கவிருக்கும் எம்மா நல்லவளாகவும் ஆகலாம், கொடியவளாகவும் ஆகலாம் என்று அறியும் ஸ்னோ ஒயிட்டும் அவள் கணவன் சார்மிங்கும், அந்த இருளுக்கான சாத்தியத்தை அகற்ற வழி தேடுகிறார்கள். தொடரின் மாய விதிப்படி இருள் அழிவதில்லை. ஒருவரிடமிருந்து நீக்கப்பட்டால் அதைத் தாங்க இன்னோர் உயிர், அதாவது ஒரு கொள்கலம், வேண்டும். அதற்காக அவர்கள் கவர்ந்து வருவது ட்ராகனாக உருமாறும் சூனியக்காரியான மெலிஃபிசென்ட்டின் முட்டையை. குழந்தையை முட்டைக்குள் வைத்ததுதான் எழுத்தின் நுட்பம் எனலாம்: முகம் தெரியாத வரையில் அதைப் பொருளாக எண்ணிக்கொள்ள முடிகிறது, திருப்பித் தந்துவிடுவோம் என்று மனச்சான்றுக்குச் சமாதானம் சொல்லவும் முடிகிறது. முட்டை விரிசலிட்டு, உள்ளே இருப்பது மனிதக் குழந்தை என்று தெரியும்போது, அது மந்திரமில்லாத வேற்றுலகுக்குத் தள்ளப்பட்டுக் கைமீறிப் போகிறது. குழந்தைக்காகத் தாயாக நின்று மன்றாடும் மெலிஃபிசென்ட்டாக கிறிஸ்டின் பாயர் வான் ஸ்ட்ராட்டன் நடிக்கையில், எது வில்லியின் பக்கம், எது நாயகர்களின் பக்கம் என்ற கோடு அழிந்துபோகிறது. இங்கே பிள்ளையைத் தாயின் தீமையிலிருந்து காப்பது நோக்கமே அன்று. தம் பிள்ளைக்கு வரக்கூடிய தீமையை ஊரார் பிள்ளையின் தலையில் இறக்கிவைப்பதே நோக்கம். லில்லி என்ற பெயரில் வளரும் அக்குழந்தையின் வாழ்வு ஏன் தடம் புரண்டுகொண்டே இருந்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான காரணம் வேண்டியதில்லை. (அவளைப் பின்னர் எழுத்தாளர்கள் பெரிதாகப் பேணவில்லை என்பது தொடரின் குறையே.)

ஐந்தாம் பருவத்தில் மற்றொரு வில்லியான செலீனாவின் குழந்தையை அவளிடமிருந்து விலக்கி வைப்பதற்கு நியாயம் வலுவாகவே இருக்கிறது. ராபின் ஹூட்டின் மனைவி மேரியனாக உருமாறி அவனை ஏமாற்றிக் கருவுற்றவள் அவள். ஆனால் ராபினுடன் சேர்ந்து நின்று அவளை விலக்குபவள் ரெஜினா. முன்னாள் தீய அரசி, தத்தெடுத்த மகன் ஹென்றி கண்டறிந்த உண்மையைப் பைத்தியக்காரத்தனம் என்று அவனையே நம்பச் செய்ய முயன்றவள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செலீனாவுக்கு ஒரு வயிற்றுத் தங்கை. பெற்ற தாய் கோராவால் சிசுவாகவே காட்டில் விடப்பட்ட செலீனாவின் கண்ணில், இந்தப் பிரிப்பு காப்பாகத் தெரியுமா, பழைய அநீதியின் தொடர்ச்சியாகத் தெரியுமா என்பதைத் தொடர் தீர்ப்பாகச் சொல்லிவிடாமல் நடிப்புக்கு விட்டுவிடுகிறது. செலீனாவாக நடித்த ரெபெக்கா மேடரின் எள்ளல் சிரிப்புக்குள் அந்தக் காயம் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கிறது.

பிரிக்கும் கை தாயின் கையாகவே மாறும் இடங்களில்தான் இத்தொடரின் எழுத்து முழுமை பெறுகிறது. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் ஹென்றியை மந்திரத்தால் வீட்டுக்குள் பிடித்துவைக்கும் ரெஜினா, தனக்குச் சரியாக அன்பு செலுத்தத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவனைச் சார்மிங்கோடு அனுப்பிவிடுகிறாள். லானா பரியா அதைத் தோற்றவளின் அழுகையாக்காமல், புதிதாக ஒரு பாடத்தைக் கற்பவளின் தயக்கத்தோடு நடித்திருப்பது தொடரின் மிகச் சிறந்த தருணங்களுள் ஒன்று. செலீனாவும் பாதாள உலகில், கட்டுக்குள் நில்லாத தன் மந்திரம் மகளுக்கு ஊறு செய்யும் என்று கண்டு, எவரும் பறிக்காமலே குழந்தையை ராபினிடமும் ரெஜினாவிடமும் ஒப்படைக்கிறாள். பின்னர் ராபின் இறந்தபோது, அக்குழந்தைக்கு அவன் பெயரையே சூட்டுகிறவளும் அவள்தான்.