முதலில் திருப்புடா

மலர்க் குழுப் பெரியவர்கள் உஷாப்திகளைப் பற்றி, அதாவது மறுமையில் இறந்தவருக்காக வேலை செய்ய எகிப்தியர் கல்லறையில் வைத்த சிறு பாவைகளைப் பற்றி, எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. பீட்ரி வழி, லெய்டன் வழி என்று நம் வட்டத்தில் நடக்கும் வாதங்கள் உறுப்பினர்கள் அறிந்தவை. லண்டன் தொகுப்பை வைத்து பீட்ரி 1935இல் எழுதினார். லெய்டன் தொகுப்பை வைத்து ஷ்னைடரோ 1977இல் மூன்று தொகுதிகளில் கை வைப்பு, மண்வெட்டி, விதைப்பை, எழுத்தின் அமைப்பு என்று அளவுகோலே வகுத்துத் தந்தார்.

எங்கள் ஆசிரியர் இருவருக்கும் கடன்பட்டவர். ஆனால் பாவையைக் கையில் கொடுத்தால் முகத்தைப் பார்க்க விடமாட்டார். “முதலில் திருப்புடா” என்பார். தீப்ஸைச் சேர்ந்த 21ஆம் அரசமரபுப் பாவை ஒன்றை அவர் காட்டிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை உயரம், செம்பு ஏற்றிய அடர்நீல ஃபையான்ஸ். முதுகில் கறுப்புக் கோட்டால் ஒரு விதைப்பை. தலைப்பட்டியின் முடிச்சு பின்னந்தலையில். அதன் இரு முனைகளும் தொங்கின. ஒரு கோடு பாதியில் மெலிந்து, தூரிகையை மறுபடி தோய்த்த இடத்தில் தடித்திருந்தது. நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒரு கங்காணியாக 36, ஆக 401 முடிக்க வேண்டிய கையின் அவசரம் அது என்றார். 26ஆம் மரபில் முதுகுத் தூண் வந்தபின் கதை வேறு. அதை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுதுகிறவர்களில் உழைப்பாளிகள் உண்டு, யாரையும் சுட்டவில்லை. ஆனால் சென்ற ஆண்டு பார்வைக்கு வந்த ஒரு விவரப் பட்டியலில் அத்தனை பாவைக்கும் முன்புறப் படம் மட்டுமே. பாவாடை விரிய, சாட்டையோடு நிற்கும் கங்காணியை ‘வேலையாள்’ என்று எழுதியிருந்தார்கள்! சாட்டைகூடவா கண்ணில் படவில்லை? முதுகைப் பாராதவர் எழுத்தைப் படிப்பாரா? எழுத்தைப் படிக்காதவருக்கு இறந்தவன் பெயர் எதற்கு? மூவாயிரம் ஆண்டு மண் காத்த பெயர்களை ஒரே தலைமுறையில் தொலைக்கப் போகிறோம். பாவையோடு போகாது இது. எகிப்தியலே போகும், பொருளைத் தொட்டுப் படிக்கும் கல்வியே போகும். இதை நினைத்துத் தூங்காத இரவுகள் உண்டு.

துட்டன்காமுனுக்கு மாதத் தலைவர் பன்னிருவரும் சேர்ந்து 413 பாவைகள். அவற்றுள் ஐந்து, தளபதி நக்த்மின் காணிக்கையாகத் தந்த மரப் பாவைகள். தந்தவர் பெயர் பாதத்துக்கு அடியில் இருக்கிறது. அந்த ஐந்தைப் பாடம் சொல்லும்போது ஆசிரியர் மேசைமேல் முதலில் வைப்பது பாதங்களின் படத்தைத்தான்.