மின்னும் போல்ட்டும் மறைந்த துருவும்

பாய்மரப் படகில் எதைப் பொருத்துவதானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைக் கேட்டு வாங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. 316 ரகத்தில் கலந்துள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்புக்காற்றைத் தாங்க வைக்கிறது. 304 ரகத்துக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. போல்ட் தலையில் ஏ4 என்றிருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. மேல்தளத்தில், கண்ணில் படும் இடத்தில், இதுவே நல்ல தேர்வு.

சிக்கல் அலுமினியப் பாய்மரத்தில் தொடங்குகிறது. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் அரிபடுவது ஸ்டீல் அல்ல, அலுமினியம். போல்ட் புதிதுபோல மின்னிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி பெயின்ட் கொப்புளம் கட்டும், சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். பிறகு ஸ்க்ரூ இறுகிப்போய், கழற்றப் போனால் தலை முறியும். மாட்டும்போதே மரையில் டெஃப்-ஜெல் போன்ற பசையைத் தடவினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். இந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாய்மரத்தின் மெல்லிய சுவரில் ஸ்க்ரூவுக்குப் பிடிமானமும் போதாது. 6 மி.மீ. ஸ்க்ரூவின் மரை இடைவெளி 1 மி.மீ.; சுவர் 3 மி.மீ. என்றால் மூன்று சுற்றுதான் பிடிக்கும். அங்கே மோனல் ரிவெட் மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும். நேராகப் பிய்த்து இழுக்கும் விசைக்கு அவ்வளவு பொருந்தாது. துளையிட்டால்தான் கழற்ற முடியும். மோனலும் அலுமினியத்தை அரிக்கவே செய்யும் என்பதால் பசை அதற்கும் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை செயின்பிளேட் போல்ட்டுகள்தான். செயின்பிளேட் என்பது பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடு; அவற்றின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் தேவை. ஒழுகும் தளத்துக்கு அடியில், ஈர மரத்துக்குள் அடைபட்ட போல்ட்டுக்கு அது கிடைப்பதில்லை. வெளியே தெரியும் தலை பளபளக்க, உள்ளே தண்டு குழி விழுந்து இளைக்கும். 316 என்பதால் இது தள்ளிப்போகலாம், நின்றுவிடாது. ஆகவே ரகத்தைப் பற்றிய விவாதத்தைவிட, அந்த நட்டுகளைக் கை எட்டுமா என்ற கேள்வியே எனக்கு முக்கியம். அவற்றை அலமாரிக்குப் பின்னால் பூசி மூடிவிடும் படகுக் கட்டுமானம் தவறானது. பழைய படகு வாங்குபவர் ஒரு போல்ட்டையாவது உருவிப் பார்க்க வேண்டும். தண்டில் பழுப்புக் கோடோ குழியோ தென்பட்டால் எல்லாப் போல்ட்டுகளையும் மாற்றிய பிறகே பாயை ஏற்றலாம்.