பனமலைக் கோடும் முடியாத ரதங்களும்

முடித்த ஓவியத்தைவிட முடிக்காத வரைவில்தான் உயிர்ப்பு அதிகம் என்கிறார்கள் ரசிகர்கள். அந்த வரைவை வெளியே காட்ட ஓவியர்களோ தயங்குகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பதைச் செஞ்சி வட்டாரத்திலிருந்தே எடைபோடத் தொடங்கலாம்.

செஞ்சிக்குத் தெற்கே பனமலை. ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலின் துணைச் சந்நிதி ஒன்றில், சிவனின் ஆடலைப் பார்த்து நிற்கும் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, மடித்த ஒரு கால், சற்றே சாய்ந்த முகம். ஆடிய சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்வதியின் வண்ணமும் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் தோளிலிருந்து இடைக்கு இறங்கும் வளைவு தளரவில்லை. இதை முடியாத ஓவியத்தின் அழகு என்று புகழ்வது பிழை. ஓவியர் முடித்துக் கொடுத்ததைத்தான் காலம் அரித்திருக்கிறது. சிதைவு வேறு, முடியாமை வேறு. வண்ணம் போன பிறகும் உருவம் நிற்கிறதென்றால், அந்தப் பெருமை கோட்டைப் போட்ட கைக்கே உரியது.

உண்மையிலேயே பாதியில் நின்றவற்றை மாமல்லபுரத்தில் காணலாம். ஒற்றைக்கல் கோயில்களான பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும் மேல்தளங்கள் உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி கரடான பாறையாகவே கிடக்கிறது. உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முடியாத குடைவரைகளில், பாறையைச் சதுரங்களாக வகுத்து, இடையே காடி வெட்டி, கட்டம் கட்டமாக உடைத்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. அழகில் இவை முடிந்த சிற்பங்களுக்கு ஈடாகா. தொழிலறிவைத் தருவதில் முடிந்த சிற்பங்கள் இவற்றுக்கு ஈடாகா.

இனி ஓவியரின் தயக்கம். 1564-இல் இறந்த இத்தாலியக் கலைஞர் மைக்கேலாஞ்சலோ, தாம் பட்ட பாடு வெளியே தெரியக்கூடாது என்று தம் வரைவுகள் பலவற்றை எரித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. வரைவில் விட்டுப்போன இடத்தைப் பார்ப்பவர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். பிறகு அதையே ஓவியரின் திறமை என்று கொண்டாடுகிறார். ஓவியருக்கு அந்தப் புகழ் உறுத்தத்தான் செய்யும். அரைகுறை வேலைக்கெல்லாம் 'உயிர்ப்பு' என்று பெயர் சூட்டுவது, முடிக்கும் உழைப்பையே மலிவாக்கிவிடும்.

ஆகவே, முடியாமை தன்னளவில் ஒரு சிறப்பே அல்ல. வெற்றிடத்தைக் கணக்கில் சேர்க்காமல், போட்ட கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். அது தன் காலில் நின்றால் அந்த வரைவைக் காட்டலாம். வேலை நடந்த விதத்தைக் கற்றுக்கொடுத்தாலும் காட்டலாம். இரண்டும் இல்லையென்றால் தயக்கமே சரி. காட்டும்போது, இது எந்தக் கட்டத்து வேலை என்பதைப் பக்கத்தில் எழுதிவைப்பது கடமை. காட்டுவதா வேண்டாமா என்பது ஓவியரின் உரிமை. ஆனால் எரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மறைக்க வழியில்லாத பாறையில் வேலை செய்ததால்தான் பல்லவச் சிற்பிகளின் முறை நமக்குத் தெரிகிறது. தாளில் வரைபவர்கள் தம் வரைவுகளைத் தாமாகவே பாதுகாத்துத் தர வேண்டும்.