சோறும் தூக்கமும்

'அங்கன்வாடியா? சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடந்தானே!' கள்ளக்குறிச்சியில் மூன்று வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு வரும் பெற்றோரின் ஏளனம் இது. அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்த வயதுக்கு ஆட்டம், பாட்டு, கதை, சூடான சோறு, பாயில் ஒரு தூக்கம் - வேறென்ன வேண்டும்?

2019-ல் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிற்று. ஏழைப் பிள்ளைக்கும் கிடைக்கட்டுமென்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெயர் வந்தால், பென்சிலும் கூடவே வந்துவிடுகிறதே! மணிக்கட்டு எலும்புகளே முற்றாத கை அது. கல்வராயன் மலைச் சரிவில் ஓடி, ஏறி, விழுந்து எழும் குழந்தையின் கைகால்கள் தம் பாடத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதை இழுத்து உட்கார வைத்து 'ஏ' போடச் சொல்வது என்ன கல்வி? மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பில்தான் தம் முதல் பள்ளியைத் திறந்தார். இன்று அந்தப் பெயர்ப்பலகைக்கே தனிக் கட்டணம்!

அங்கன்வாடியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். எடை பார்ப்பதும் வீடு வீடாகப் போவதும் கணக்கு எழுதுவதும் அவர்கள் தலையில்தான். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாள் எப்போது கதை சொல்வார்?