எண்ணூர்ச் சேறும் அறுபது எக்ஸும்

துப்பாக்கி சுடுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் குழாய் போன்ற தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, குண்டு எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்வார். 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என்ற பெயர் அந்த வேலையில் வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டைக்கு வழி பெரிதும் அடைபட்டது. துப்பாக்கி போனது, ஸ்கோப் தங்கிவிட்டது. ஜனவரி மாதக் காலைகளில் சென்னைக்கு வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுக் கரைகளில் அது முக்காலி மேல் நிற்பதைப் பார்க்கலாம். இலக்கு பூநாரையும் உள்ளானும்.

இதனால் கிடைத்த லாபம் பெரியது. பறவையியலாளர் சலீம் அலியே சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அது என்ன இனம் என்று கேட்டுத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். இனம் சொல்லப் பறவை கைக்கு வரவேண்டியிருந்த காலம் அது. இன்று அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று, மேயும் கூட்டத்தைக் கலைக்காமல், அலகின் வளைவையும் காலின் நிறத்தையும் பிரித்துச் சொல்லிவிடலாம். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்ற பணிகளில், அகன்ற சேற்றுவெளிகளில் ஸ்கோப் இல்லாவிட்டால் கையைக் கட்டிப்போட்டது போலாகும்.

சிக்கல் கடையில் தொடங்குகிறது. வேட்டை ஸ்கோப் செய்யும் நிறுவனங்களில் பலவும்தான் பறவை பார்ப்பவர்களுக்கான ஸ்கோப்பையும் செய்கின்றன. எத்தனை 'எக்ஸ்', அதாவது எத்தனை மடங்கு உருப்பெருக்கம், என்ற பெருமையும் அங்கிருந்தே கூட வருகிறது. '20-60x80' என்று எழுதியிருந்தால் வாங்குபவரின் கண் 60-இல்தான் நிற்கும். ஆனால் 80 மில்லிமீட்டர் முன்வில்லையை 60-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.3 மில்லிமீட்டர். அதே ஸ்கோப்பை 20-இல் வைத்தால் 4 மில்லிமீட்டர். மார்கழி மூட்டத்தில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். படம் பெரிதாகிறது, கூடவே இருண்டும் போகிறது. பார்வைப் பரப்பும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடுவதால், தத்தித் தத்தி ஓடும் ஓர் உள்ளானைத் தேடிப்பிடிப்பதற்குள் கூட்டமே இடம் மாறியிருக்கும்.

அதற்கும் மேல் கானல். சேறு சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்கும். உருப்பெருக்கம் கூடினால் அந்த நெளிவும் சேர்ந்தே பெருகும். மணல் உப்புக்கொத்திகளில் பெரிய இனம் எது, சிறிய இனம் எது என்று பிரிக்க அலகின் நீளத்தையும் தடிமனையும் பார்த்தாக வேண்டும். பத்து மணி வெயிலில் அந்த அலகு தண்ணீரில் விட்ட பென்சில் போல வளைந்து வளைந்து தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியானாலும் காற்றைத் திருத்தாது. இந்தக் கரையில் வெயில் ஏறிய பிறகு 25, 30 மடங்குக்கு மேல் திருகுவதில் பெரும்பாலும் பயனில்லை.

நிற்கும் இடம் விலையை விடப் பெரிது. காட்டுப்பள்ளி, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலத்திட்டு. காலையில் அங்கிருந்து மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இறகின் நிறம் துலங்கும். எதிரே மேற்குக் கரையில் அத்திப்பட்டுப் பக்கமிருந்து கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கருப்பு உருவம்தான். மாலையில் இது அப்படியே தலைகீழ். இடைத்தர ஸ்கோப்பும் சரியான கரையும் கையில் இருப்பவர், உயர்தர ஸ்கோப்போடு தவறான கரையில் நிற்பவரைவிட அதிகம் பார்த்துவிடுவார்.

கருவியைவிடக் கவலைப்பட வேண்டியது, அது தரும் எண்ணிக்கை. பெருங்கூட்டத்தை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு பறவைகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து, அந்தக் கட்டத்தைக் கூட்டம் முழுக்க நகர்த்திப் பெருக்குகிறார்கள். முறை நல்ல முறைதான். ஆனால் தாழ்வான கரையில் நின்று ஸ்கோப்பில் பார்க்கும்போது தூரம் நசுங்கி, பின்வரிசைப் பறவைகள் முன்வரிசைக்குள் மறைந்துவிடும், கணக்கு குறையும். வண்டி போகும் கரையில்தான் முக்காலி நிற்கும் என்பதால், அனல்மின் நிலையச் சாம்பல் குளத்துக்கு அப்பாலும் துறைமுக வேலிக்குப் பின்னாலும் மேய்கிற பறவைகள் பட்டியலில் ஏறுவதே இல்லை. தாளில் மட்டும் ஒரு முழு எண் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வழிந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் அப்பியது. எத்தனை பறவைகளில் கறை என்று தொலைவிலிருந்து, பறவையைத் துரத்தாமல் பார்க்க ஸ்கோப்பைப் போல் உதவும் கருவி வேறில்லை. ஆனால் புள்ளி அலகுக் கூழைக்கடா இயல்பிலேயே சாம்பல் நிறம். நிழலா, சேறா, எண்ணெயா என்று சொல்ல நல்ல ஒளியும் அருகாமையும் வேண்டும். அந்த அருகாமை, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களுக்குத்தான் வாய்க்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் அவர்கள் பார்த்ததை எழுத ஒரு கட்டமும் இருந்தால், முக்காலிக்கு எட்டாத இடங்களும் கணக்குக்குள் வரும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றை விளம்பரம் சொல்லாது: உப்புக்காற்றின் ஈரம். உள்ளே ஈரம் புகாதபடி வாயு அடைத்து மூடிய உடல், வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா. இந்த இரண்டும் இல்லாவிட்டால், இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள் கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படரக்கூடும். அப்புறம் அறுபது எக்ஸில் பெரிதாகத் தெரிவது அதுவாகத்தான் இருக்கும்.